முட்டை விலை கேட்ட பேனல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கல்வி பற்றி நீங்கள் எழுதுவதைக் கல்லூரி நாட்களிலிருந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம். அப்பா கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். ட்ரிபிள்-இ (மின், மின்னணுப் பொறியியல்) படித்துவிட்டுச் சென்னையில் மூன்று வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். இந்தமுறை எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வில் நல்ல பர்சென்டைல் வந்து, ஒரு ஐஐஎம்மிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. போன வாரம் நேர்காணல்.

உள்ளே இரண்டு பேராசிரியர்கள். டிரான்ஸ்ஃபார்மர் பற்றிக் கேட்டதற்கு மட்டும் ஏதோ சொன்னேன். அப்புறம் ஒருவர் ஃபைலைப் பார்த்துவிட்டு, “நாமக்கல்லா? அங்கே முட்டை விலையை யார் முடிவு செய்கிறார்கள்? ஒரு கமிட்டி விலை சொல்கிறது என்றால் அதைச் சந்தை என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. “சாரி சார், தெரியாது” என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவர் லேசாகச் சிரித்தார். இன்னொருவர் வாட்சைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அப்பா ஃபோனில் அந்த விலையைப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள் சார் நான்.

இன்னும் மூன்று வாரத்தில் புதிய ஐஐஎம்கள் சேர்ந்து நடத்தும் பொது நேர்காணல் இருக்கிறது. ஒரே நேர்காணல், அதை வைத்துப் பல ஐஐஎம்கள் முடிவெடுக்கும். அதிலும் சொதப்பினால் அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாலே அந்தச் சிரிப்பு வந்து நிற்கிறது. என் ஆங்கிலமும் சுமார்தான். முந்தைய நேர்காணல் எப்படிப் போனது என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று வேறு பயம். பேசாமல் வேலையை விட்டுவிட்டு அடுத்த வருடத்துக்கு முழுநேரமாகத் தயாராகலாமா என்றுகூட யோசிக்கிறேன். ராஜினாமா மெயில் எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன். தன்னம்பிக்கையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

க. (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள க.,

முதலில் அந்தச் சிரிப்பையும் வாட்சையும் முடித்துவிடுவோம்.

ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த கல்லூரியில் எம்பிஏ சேர்க்கை நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். அது ஐஐஎம் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையிலிருந்து வரிசையாக ஆட்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இன்னும் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவருக்கு நாலு மணிக்கு ரயில் என்று ஆபீஸ் பையன் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போவார். டீ ஆறிக் கிடக்கும். வாட்சைப் பார்க்காமல் அங்கே வேலை நடக்காது. சிரிப்பும் அப்படித்தான். எதிரே ஒரு பெண் குரல் உடைந்து நிற்கும்போது மனிதர்கள் முகத்தை வைத்துக்கொள்ளும் விதம் அது. பெரும்பாலும் “பரவாயில்லை” என்றுதான் அதற்குப் பொருள். ஏளனமாகச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். உங்கள் எதிரே இருந்தவர் எந்த வகை என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் மீது ஒரு வாரமாகத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு ஒரு வரி. “டிரான்ஸ்ஃபார்மர் பற்றிக் கேட்டதற்கு மட்டும் ஏதோ சொன்னேன்.” என்ன கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ட்ரிபிள்-இ படித்தவர்களிடம் வழக்கமாகக் கேட்பது, டிரான்ஸ்ஃபார்மரின் திறனை ஏன் கிலோவாட்டில் சொல்லாமல், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கிவரும் கேவிஏவில் சொல்கிறார்கள் என்பது. இரும்பு இழப்பு மின்னழுத்தத்தைப் பொறுத்தது, தாமிர இழப்பு மின்னோட்டத்தைப் பொறுத்தது, சூடாவது இந்த இரண்டினால்தான், பவர் ஃபேக்டருக்கு அதில் வேலை இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால், மூன்று வருடமாக மின்சாரப் பாடத்தைத் தொடாத ஒருவர் அதைச் சொல்வதைக் கேட்டு அந்தப் பேராசிரியர் ஃபைலில் நல்லதாக ஒன்று குறித்திருப்பார். அந்தப் பேச்சு ஐந்து நிமிடமாவது போயிருக்கும். உங்கள் நினைவில் அது அரை வரி. முட்டைக் கேள்வி அரை நிமிடம். அது ஒரு பத்தி.

உள்ளே அடிக்கும் படபடப்பு வெளியே இருப்பவருக்கு அப்படியே தெரிகிறது என்று நினைப்பது எல்லோருக்கும் உள்ள மயக்கம். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் இதை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேடைப் பேச்சுக்கு நின்ற மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், “உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை” என்ற உண்மையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். மந்திரம் எதுவும் இல்லை. பதறுவது தெரிந்துவிட்டதே என்று இரண்டாவதாக ஒருமுறை பதறுவது நின்றுபோனது, அவ்வளவுதான். உங்கள் குரல் உடைந்தது அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஆனால் உங்களுக்குக் கேட்ட சத்தத்தில் இல்லை.

சரி, முட்டைக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

அப்பா சாயங்காலம் ஃபோனில் என்ன பேசுவார்? எனக்குத் தெரிந்த பண்ணைக்காரர்களை வைத்து ஊகிக்கிறேன். என்இசிசி, அதாவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, இன்றைக்கு எவ்வளவு போட்டிருக்கிறது, ஹைதராபாத் எவ்வளவு, ஹரியானாவின் பர்வாலா எவ்வளவு. அப்புறம், வியாபாரி எத்தனை பைசா மைனஸ் கேட்கிறார். அந்தக் குழு அறிவிப்பது ஒரு பரிந்துரை விலை. வியாபாரி அதிலிருந்து இத்தனை பைசா கழித்துத்தான் எடுப்பேன் என்பார். புரட்டாசியில் பாதி ஊர் சைவமாகிவிடும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். பண்ணையில் முட்டை தேங்கும், மைனஸ் ஏறும். வடக்கே குளிர் பிடித்தால் அங்கே முட்டை நிறையப் போகும், இங்கே மைனஸ் குறையும். கோழியிடம் போய் நாளைக்கு முட்டை போடாதே என்று சொல்ல முடியாது. விலை விழுந்தாலும் தீவனம் போட்டாக வேண்டும்.

இதை அப்படியே அந்த அறையில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “சார், கமிட்டி அறிவிக்கிறது. ஆனால் அந்த விலைக்கே முட்டை விற்றுவிடுவதில்லை. சந்தை இருப்பது மைனஸில்.” பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் இதைக் கேட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் இதைவிட நல்ல பதில் இல்லை. நாமக்கல்லில் வளர்ந்தவரிடம் அவர் அதைக் கேட்டதே, உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகத்தான். உங்களை மடக்க நினைத்திருந்தால் கேட்பதற்கு வேறு எத்தனையோ இருக்கிறது.

அப்புறம் ஏன் வாய் வரவில்லை? என் ஊகத்தைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோச்சிங் சென்டர் கொடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். ரெப்போ ரேட், பட்ஜெட், ஜிடிபி, ஏன் எம்பிஏ, பத்து வருடம் கழித்து எங்கே இருப்பேன். அப்பா ஃபோனில் பேசுவது அந்த ஃபைலில் இல்லை. அதனால் அது அறிவு என்ற கணக்கிலேயே உங்கள் மனதில் வரவில்லை. வீட்டு விஷயத்தை வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டுப் போயிருக்கிறீர்கள். முதல் தலைமுறையாகப் படித்து வருகிற பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அப்பா தறி ஓட்டுபவராக இருப்பார். பையன் நூல் விலையைப் பற்றி வாய் திறக்கமாட்டான், அமெரிக்க வட்டி விகிதம் பற்றிப் பேசுவான், அதையும் தப்பாக. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அப்பாவின் தொழிலைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்கள். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, மூளையில் இல்லை.

ஆகவே உங்களிடம் தொலைந்துபோனதாக நீங்கள் நினைக்கும் தன்னம்பிக்கையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணாடி முன்னால் நிற்பதையும் விட்டுவிடுங்கள். கண்ணாடியில் உங்களைத்தான் பார்ப்பீர்கள், நேர்காணலில் எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டும். பதிலாக, அந்த நேர்காணலை முதல் கேள்வியிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள், கேட்டது, சொன்னது, எல்லாவற்றையும். டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிடாதீர்கள். எழுதி முடித்ததும், உண்மையாகவே தெரியாதவை எவை, தெரிந்தும் சொல்லாமல் விட்டவை எவை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது பட்டியல் நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு அப்பாவுக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் முட்டை பற்றிக் கேளுங்கள். தீவனச் செலவு, லாரி வாடகை, சத்துணவு டெண்டர், வளைகுடாவுக்குப் போகும் முட்டை என்று எல்லாமும். அவருக்கும் அது பிடிக்கும். உங்கள் ஆபீஸ் வேலையையும் இதேபோல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாஃப்ட்வேரில் கண்டுபிடித்த ஒரு பிழை, அது தப்பிப் போயிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தொழில்நுட்பம் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள். மாதிரி நேர்காணல் இரண்டு மூன்று போதும், அதுவும் உங்களைத் தெரியாதவர்களிடம். அதிகமாகப் போனால் எல்லோரும் சொல்வதையே நீங்களும் சொல்ல ஆரம்பிப்பீர்கள். “எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம்” என்ற பதிலை ஒரு பேனல் காலை டீக்கு முன்பே பலமுறை கேட்டுவிடும்.

உண்மையிலேயே தெரியாத கேள்வி வந்தால்? “தெரியாது சார்” என்று சொல்வதில் தவறே இல்லை. ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். “இதன் விவரம் எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி இருக்கலாம் என்று தோன்றுகிறது, ஏனென்றால்...” என்று ஓர் அடி எடுத்து வையுங்கள். அந்த “ஏனென்றால்”-க்குத்தான் மார்க்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்படாதீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் நன்றாகவே செய்து, அப்படியும் இடம் கிடைக்காமல் போகலாம். நேர்காணல் என்பது அவ்வளவு துல்லியமான கருவி இல்லை. ஒரே ஆளுக்கு நான் ஒரு மார்க் போட்டிருப்பேன், பக்கத்தில் இருந்தவர் அதற்கு நேர்மாறாகப் போட்டிருப்பார், இருவரும் ஒரே பதிலைத்தான் கேட்டிருப்போம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில் 1979-இல் நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. 800 பேரை நேர்காணல் செய்து வரிசைப்படுத்தி, மேலே இருந்த 350 பேருக்குள்ளிருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 இடங்களைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. அதற்குள் நல்ல ரேங்க் வாங்கியவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது 700-லிருந்து 800 வரை ரேங்க் வாங்கியவர்கள். வேறு வழியில்லாமல் அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். படிப்பிலும், வார்டில் நோயாளிகளைப் பார்ப்பதிலும், முடித்த பிறகு முதல் வருடப் பயிற்சியிலும் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. 1987-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. ஒன்றைக் கவனியுங்கள், அந்த 800 பேரும் ஏற்கெனவே மார்க்கை வைத்து வடிகட்டப்பட்டவர்கள். உங்களைப்போல. அந்த நிலைக்கு வந்துவிட்டவர்களுக்குள் யார் மேல் யார் கீழ் என்று இருபது நிமிடப் பேச்சு சொல்வதைப் பெரிதாக நம்ப முடியாது. இதனால் உங்கள் சீட்டு கிடைத்துவிடாது, அதை அந்த இருபது நிமிடம்தான் பெருமளவு முடிவு செய்யும். அது அநியாயம்தான். ஆனால் நீங்கள் யார் என்பதை அது முடிவு செய்வதில்லை.

முந்தைய நேர்காணல் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். “எங்கள் ஊர் முட்டை விலை பற்றிக் கேட்டார்கள், பதற்றத்தில் சொல்லவில்லை, பிறகு அப்பாவிடம் உட்கார்ந்து விசாரித்தேன்” என்று சொல்லி நிறுத்துங்கள். என்ன விசாரித்தீர்கள் என்று கேட்காத பேராசிரியர் இருக்கமாட்டார்.

கடைசியாக வேலை. விடாதீர்கள். பல ஐஐஎம்கள் வேலை அனுபவத்துக்கும் மதிப்பெண் கொடுக்கின்றன. அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டி வந்தால், “இந்த ஒரு வருடம் சும்மா இருந்தீர்களா?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்குப் பதில் தயாரிப்பதைவிட வேலைக்குப் போவது சுலபம். மாதச் சம்பளம் நின்றால் வீட்டில் வரும் நெருக்கடி தனி. அந்த மெயிலை டிராஃப்டிலிருந்து நீக்கிவிடுங்கள். முடிவுகள் எல்லாம் ஏப்ரல், மே வாக்கில் வந்துவிடும். என்ன ஆனது என்று அப்போது எழுதுங்கள். மைனஸ் பற்றி அப்பா வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள், நான் சொன்னதில் பாதி ஊகம்.

அன்புடன்.