நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை எனக்கு. இரண்டு முறை கரு தங்கவில்லை, இரண்டும் மூன்று மாதத்துக்குள். பிளாஸ்டிக்கில் இருக்கும் பிபிஏ (பிஸ்பீனால் ஏ) என்ற ரசாயனம் ஹார்மோனைக் கெடுக்கும், பில் பேப்பரிலும் கேன் தண்ணீரிலும் அதுதான் என்கிறார் நாத்தனார். 'பிபிஏ ஃப்ரீ' டப்பா செட் 2,800 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: டப்பா செட் வேண்டாம். 'பிபிஏ ஃப்ரீ' என்றால் அந்த ஒரு பொருள் இல்லை, அவ்வளவுதான். பல இடங்களில் அதன் பங்காளி பிபிஎஸ்ஸைப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேஷம் போடுகிற ஆசாமிதான். பரண் மேல் எவர்சில்வர் டப்பாக்கள் கிடக்குமே, இறக்குங்கள்.

பில் பேப்பரைப் பற்றி நாத்தனார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு பில்லை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் தெர்மல் பேப்பர். அதில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுதான். அந்தப் பூச்சில் பிபிஏவோ பிபிஎஸ்ஸோ கெட்டியாகப் பிணையாமல் இருப்பதால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜனவரி முதல் பில் பேப்பரின் எடையில் 0.02 சதவீதத்துக்கு மேல் பிபிஏ இருக்கக் கூடாது. கவுண்டரில் சானிடைசர் பாட்டில் இருக்கிறதா? அதைத் தடவிய ஈரக் கையோடு பில்லைத் தொடாதீர்கள். அப்படித் தொட்டால் தோல் வழியாக பிபிஏ அதிகமாக உள்ளே போகிறது என்று அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழக ஆய்வு 2014இல் காட்டியது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நைட்ரைல் கையுறை கேட்டால் மேனேஜர் முறைப்பார், பரவாயில்லை, கேளுங்கள்.

அப்புறம் கேன். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், அதைத் தயாரிக்க பிபிஏ தேவையில்லை. 7 போட்டு 'பிசி' என்றிருந்தால் பாலிகார்பனேட், பிபிஏவைக் கொண்டு செய்தது. 1998இல் அமெரிக்காவின் ஓஹியோவில் பாட்ரீஷியா ஹன்ட் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் தாறுமாறாகின. தேடிப் பார்த்தால், யாரோ பாலிகார்பனேட் கூண்டுகளைத் தரை கழுவும் மருந்து போட்டுக் கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அரித்து பிபிஏ கசிந்திருக்கிறது. ஆகவே வெயிலில் காய்ந்து, கீறல் விழுந்து, மங்கிப்போன கேன் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சரி, உங்கள் கரு கலைந்தது இதனால்தானா? அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 2014இல் 115 கர்ப்பிணிகளைப் பார்த்தபோது, ரத்தத்தில் பிபிஏ மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிடக் கருச்சிதைவு அபாயம் 80 சதவீதம் கூடுதல். ஆனால் 115 பேர் சின்னக் கூட்டம். சேர்ந்து இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கருவிலேயே குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. நீங்கள் பில் போட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிபிஏ ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். அதனால் அதை அளக்கும் டெஸ்டும், 'டீடாக்ஸ்' பவுடரும் தண்டச் செலவு. காசு போட வேண்டிய இடம் வேறு: இரண்டு முறை கலைந்தாலே காரணம் தேடலாம் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு மகப்பேறு மருத்துவரிடம் போய் தைராய்டு, ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி (ரத்தத்தை உறைய வைக்கக்கூடியது), கர்ப்பப்பை அமைப்பு மூன்றையும் கேளுங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். குரோமோசோம் டெஸ்ட் என்று வந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் எடுப்பார்கள்.