திரையில் தெரியும் கோட்டை நம்பிக் கடிதம் எழுதாதீர்கள்

கேள்வி: இலங்கை மலைநாட்டின் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: "அப்பா 1986இல் உறுதி (காணிப் பத்திரம்) எழுதி வாங்கிய 20 பேர்ச் (காணி அளக்கும் அலகு) காணியில் குடியிருக்கிறோம். சரிவான காணி. பின்னால் தேயிலைத் தோட்டம். அரசாங்க வரைபடத் தளமொன்றில் பார்த்தால், தோட்ட எல்லைக் கோடு எங்கள் குசினிக்குக் குறுக்கே போகிறது. நாடா பிடித்து அளந்தேன், 23 பேர்ச் வருகிறது. பக்கத்து வீட்டார் எங்கள் காணியூடாகப் போகிற ஆறடிப் பாதை அந்தப் படத்தில் இல்லவே இல்லை. விவரம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு அலைந்தேன். சிங்களத்தில் ஒரு வரிப் பதில்தான் கிடைத்தது. வரிப்பணத்தில் அளந்த படங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டாமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்ப ஒரு விண்ணப்பம் எழுதி இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா? உயர் நீதிமன்றம் போகலாமா? பாதையை அடைக்கலாமா?"

பதில்: அந்த விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். உயர் நீதிமன்றத்தை இப்போது நினைக்கவே வேண்டாம். பாதையைத் தொடாதீர்கள்.

தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் கொடுக்காதது தவறுதான். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். உங்கள் நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிற, கிராம உத்தியோகத்தர் பேசிய விதம், பக்கத்து வீட்டுப் பையன் சொன்ன வார்த்தை எல்லாம் வலிக்கும், தெரிகிறது. ஆனால் இவற்றில் எதுவும் உங்கள் காணியை ஓர் அங்குலம் கூட்டாது, குறைக்காது. சட்டத்துக்கு வேண்டியது ஒரே விஷயம்: 1986ஆம் ஆண்டு உறுதியின் அட்டவணையில் எந்த நில அளவைப் படத்தின் இலக்கம் இருக்கிறது, அந்தப் படம் இன்று தரையில் எங்கே விழுகிறது? நான்கு பக்கத்தில் அந்த இலக்கத்தை நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை.

இணையப் படத்தில் தெரிகிற கோடு எல்லை அல்ல. 1:10,000 அளவுத்திட்டப் படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது தரையில் 10 மீற்றர். கோடு அரை மில்லிமீற்றர் தடிப்பு என்றால் அந்தக் கோடே 16 அடி அகலம். உங்கள் குசினி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். 1:50,000 படமாக இருந்தால் வீடே அடங்கிவிடும். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. நம்முடைய பழைய படங்கள் கந்தவளை (Kandawala) என்ற இடத்தை அடிப்படைப் புள்ளியாகக் கொண்டு வரையப்பட்டவை. கைத்தொலைபேசியும் செய்மதிப் படமும் வேறு கணக்கில் ஓடுகின்றன. சரியாக மாற்றாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கோடு நகர்ந்து நிற்கும். நீதிமன்றத்திலும் இரண்டும் ஒன்றல்ல. நில அளவைத் திணைக்களத் தலைவரான நில அளவையாளர் நாயகம் ஒப்பமிட்ட படத்தைச் சரியானது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. திரையிலிருந்து அச்செடுத்த தாளுக்கு அந்த ஊகம் கிடையாது.

அடுத்தது அந்த 23 பேர்ச். மலைநாட்டில் இதனால் எத்தனை குடும்பங்கள் வீணாகப் பயந்து போகின்றன! சேவையர் (நில அளவையாளர்) போடுகிற படம் மட்டமான தளத்தில் கணக்கிட்டது. நீங்கள் சரிவோடு நாடாவைப் படுக்கவைத்து அளந்திருக்கிறீர்கள். 30 பாகைச் சரிவில் தரையோடு அளந்த 100 அடி, படத்தில் ஏறக்குறைய 87 அடிதான். 20 பேர்ச் காணியை அப்படி அளந்தால் 23 பேர்ச்சாகத் தெரியும். உங்கள் சரிவு எத்தனை பாகை என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் 'கூடுதல்' என்று சொல்லும் அந்த 3 பேர்ச் உண்மையில் தரையிலேயே இல்லாமல் இருக்கலாம்.

இப்போது உங்கள் விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். "தோட்டத்துக்குச் சொந்தமான சுமார் 3 பேர்ச் அரசாங்கக் காணியை நாங்கள் இத்தனை காலமாக அனுபவித்து வருகிறோம். எங்களிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. மனிதாபிமான அடிப்படையில் அதை எங்களுக்கே தர வேண்டும்." நீங்கள் தகவல் கேட்கவில்லை. வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் இல்லாத ஒன்றுக்கு.

என்னிடம் வந்தவர்களில் காணியை இழந்தவர்கள் பலர் இப்படித்தான் இழந்தார்கள். எல்லோரும் நேர்மையானவர்கள். அரசாங்கத்திடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவர்கள். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசின் கைக்குப் போனது. 1992இல் கம்பனிகள் வந்தது குத்தகைக்கு. ஆகவே உங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள தேயிலை பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் அரச காணி. அரச காணிக்கு 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டம் இருக்கிறது. தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர், இது அரச காணி என்று 'அபிப்பிராயப்பட்டாலே' வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கலாம். ஆகக் குறைந்தது 30 நாள் அவகாசம் தருவார்கள். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே பத்து வருடம் ஆண்டு அனுபவித்ததால் வரும் ஆட்சியுரிமை, அப்பா பட்ட கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு எதுவும் எடுபடாது. 9ஆம் பிரிவின்படி நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: நடைமுறையிலுள்ள, செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் எழுத்து மூலமான அதிகாரம். அதிகாரியைக் கூண்டில் ஏற்றிச் சாட்சியம் கேட்க நீதவானுக்கே அதிகாரம் இல்லை. வெளியேற்றும் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் கிடையாது.

வழக்கமாக ஒரு சட்டத்தரணி முதலில் முட்டுவது அந்த 'அபிப்பிராயத்தில்'தான். எந்தப் படத்தைப் பார்த்தார், யார் அளந்தார், எப்படி இந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டு, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணைக்கு (அந்த முடிவை இரத்துச் செய்யும் கட்டளைக்கு) போவோம். உங்கள் விண்ணப்பக் கடிதம் அந்த வேலையை அதிகாரிக்கு முடித்துக் கொடுத்துவிடுகிறது. குடியிருப்பவரே அரசாங்கக் காணி என்கிறார், அனுமதிப்பத்திரம் இல்லை என்றும் அவரே சொல்கிறார். மேலே அளக்க என்ன இருக்கிறது? வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தன் உரித்தை நிலைநாட்ட அரசுக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், உண்மை. அங்கேயும் எதிர்த்தரப்பு முதல் ஆவணமாக அடையாளமிடப் போவது உங்கள் ஒப்பமுள்ள இதே கடிதத்தை.

ஆட்சியுரிமையைப் பற்றி இன்னொரு வார்த்தை. பத்து வருட ஆட்சி தனியாருக்கு எதிராகத்தான் செல்லும். அரசுக்கு எதிராகச் செல்லாது. தனியாருக்கு எதிராகக்கூட, "இது உங்களுடையது" என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டால் அதுவரை ஓடிய காலம் அறுந்துவிடும்.

அரசாங்கப் படங்கள் திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் தங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நிற்கிற இடத்தைக் காட்டும் ஒரு படத்தைக்கூடக் கண்ணால் பார்க்காத மக்கள் இருக்கிறார்கள். 7 பேர்ச் வீட்டுத்திட்டக் காணி கிடைத்தவர்களில்கூடப் படத்தின் பிரதி கையில் இல்லாதவர்கள் உண்டு. படம் இருப்பவன் பேசுவான், இல்லாதவன் கைகட்டி நிற்பான் என்ற நிலைமை மாறியே ஆக வேண்டும். ஆனால் திறந்த படம் இரண்டு பக்கத்தாருக்கும் திறந்த படம். அதில் தெரிகிற உங்கள் வீட்டுக் கூரையைத் தோட்டக் கம்பனியும் பார்க்கும், கடன் கேட்டுப் போனால் வங்கியும் பார்க்கும். ஆகவே கவனமாகக் கேட்கப் பழக வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? காணிப் பதிவகத்துக்குத் தகவல் உரிமை விண்ணப்பமே தேவையில்லை. கட்டணம் கட்டினால் பதிவேட்டை யாரும் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். படத்தின் இலக்கம் தெரிந்தால் நில அளவைத் திணைக்களத்திடம் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். அதிலும் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில், இன்ன தோட்டத்தின் இன்ன பக்கத்து எல்லையைக் காட்டும் நில அளவைப் படங்களின் இலக்கங்களைத் தருக." வீடு, குசினி, அப்பா, கோரிக்கை ஒன்றும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கேட்காத காரணத்தை நீங்களாக ஏன் நீட்ட வேண்டும்?

பிரதி கைக்கு வந்ததும் உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைப் பிடித்து, உறுதியிலுள்ள படத்தையும் தோட்ட எல்லைப் படத்தையும் தரையோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய எல்லைக் கல், கான் (வடிகால்), முள்முருங்கை வரிசை எது மிஞ்சியிருந்தாலும் அதைக் காட்டுங்கள். அதற்கு முன் தோட்டத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு வரிகூட எழுத வேண்டாம். குசினி உங்கள் துண்டுக்குள் வந்தால் கதை முடிந்தது. வெளியே வந்தால், மனம் கசந்தாலும் சொல்கிறேன், அந்த ஒரு சுவரை உள்ளே தள்ளிக் கட்டுங்கள். வழக்குக்குப் போகிற பணத்தில் அதைக் கட்டி முடித்துவிடலாம், வீடும் தப்பும். கட்டுவதற்கு முன் பிரதேச சபையிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் அனுமதி எடுக்க வேண்டும். மண்சரிவு அபாயப் படத்தில் உங்கள் இடம் என்ன நிறத்தில் இருந்தாலும், அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரி நேரில் வந்து பார்த்துக் கொடுக்கிற அறிக்கைதான் கணக்கு.

பாதை விஷயத்தில் சமாதானமாகப் போங்கள். ஆறடிப் பாதை 1:10,000 படத்தில் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. படத்தில் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. பத்து வருடத்துக்கு மேல் உரிமையோடு நடந்திருந்தால் அவர்களுக்கு வழியுரிமை பிறந்திருக்கலாம். நீங்கள் அடைத்த அன்றே அவர்கள் பொலிசுக்குப் போவார்கள், சமாதானக் குலைவு என்று பொலிஸ் விடயத்தை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பும், பாதை பழையபடி திறக்கப்படும். அப்புறம் மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கு. சேவையர் வருகிற அதே நாளில் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு, பாதையை அகலத்தோடு படத்தில் போட்டு, இரு பகுதியும் ஒப்பமிட்டு, நொத்தாரிசு மூலம் உடன்படிக்கையாக எழுதிப் பதிந்துவிடுங்கள். அகலத்தை எழுத்தில் கட்டிவைத்தால் நாளைக்கு அது எட்டடியாக வளராது. உங்களுக்குக் கிடைக்கும் லாபம் அதுதான், சின்ன லாபமும் இல்லை.

கடிதத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் அதைத் 'திருத்தி' இன்னொன்று எழுதாதீர்கள். அதன் பிரதியையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். வெளியேறும் அறிவித்தல் கைக்கு வந்தால், வந்த திகதியை உறையின் மேல் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். பதிலை அவர் எழுதட்டும்.