உள்நாட்டுப் போருக்குப் பிறகு, வென்ற தலைவர்களுக்குள்ளேயே மூளும் பகையைச் சொல்லும் நல்ல வரலாற்றுப் படம் எது?

2003-ல் வந்த 'டு கில் எ கிங்' பாருங்கள். இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த போருக்குப் பிந்தைய கதை. ஆலிவர் க்ராம்வெல்லாக டிம் ராத், தாமஸ் ஃபேர்ஃபாக்ஸாக டக்ரே ஸ்காட், மன்னராக ரூபர்ட் எவரெட்.

க்ராம்வெல்லைப் பாடப்புத்தகத்திலேயே தெரியும். ஃபேர்ஃபாக்ஸை எனக்கு அறிமுகப்படுத்தியது இந்தப் படம்தான். அதற்காகவே இதன்மேல் தனிப் பிரியம். 1645-ல் நேஸ்பி போரில் மன்னரின் படையை முறியடித்தபோது நாடாளுமன்றப் படையின் தலைமைத் தளபதி அவர்தான், வயது 33. அவரைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மூத்த க்ராம்வெல் அவருக்குக் கீழே குதிரைப்படையை நடத்தினார். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாவதுதான் படத்தின் உயிர். நட்பைச் சற்றுக் கூட்டியே காட்டியிருக்கிறார்கள். அது எனக்குக் குறையாகப் படவில்லை.

பிறகு தேடிப் படித்ததில் ஒரு சம்பவம் மனதில் அப்படியே தங்கிவிட்டது. 1649 ஜனவரி, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். மன்னரை விசாரிக்க நியமிக்கப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். ஃபேர்ஃபாக்ஸ் பெயருக்குப் பதில் மேலே மாடத்திலிருந்து வருகிறது, முகத்தை மறைத்திருந்த ஒரு பெண்ணின் குரலில்: இங்கே வந்து உட்காராத அளவுக்கு அவருக்குப் புத்தி உண்டு என்று. அது அவர் மனைவி ஆன். மக்களின் பெயரால் குற்றச்சாட்டு என்று வாசித்தபோது மறுபடியும் குறுக்கிட்டார். வீரர்களின் துப்பாக்கிகள் மாடத்தை நோக்கித் திரும்பின.

மன்னரின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்கள் 59 பேர். மூன்றாவது கையெழுத்து க்ராம்வெல்லுடையது, ஃபேர்ஃபாக்ஸ் போடவில்லை. ஆனால் படைத்தலைமை தன்னிடம் இருந்தும் அவர் அதைத் தடுக்கவும் இல்லை. மனைவிக்கு இருந்த துணிச்சல் இவருக்கு ஏன் இல்லாமல் போனது என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான். ஜனவரி 30 அன்று, குளிரில் நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு மேடையேறினார் மன்னர்.

1650-ல், ஸ்காட்லாந்துமீது படையெடுக்க மாட்டேன் என்று ஃபேர்ஃபாக்ஸ் பதவி விலகினார். 1653-ல் க்ராம்வெல் 'காவலர்' (லார்ட் ப்ரொடெக்டர்) என்ற பட்டத்தோடு நாட்டின் தலைவர் ஆனார், 1658-ல் இறந்தார். 1660-ல் மன்னரின் மகனைத் திரும்ப அழைத்துவர நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போன குழுவில் ஃபேர்ஃபாக்ஸ் இருந்தார். அந்த மகனின் ஆட்சியில், 1661 ஜனவரி 30 அன்று, க்ராம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டார்கள். தலையைக் கம்பத்தில் குத்தி, விசாரணை நடந்த அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மேல் நட்டுவைத்தார்கள்.