ஆக்சிஜன் சென்சார்: காரில் எங்கே இருக்கிறது, எதை மாற்றுவது?

கேள்வி: என்னிடம் 2018 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது, நான்கு சிலிண்டர். வீடு குளச்சலில், தினமும் நாகர்கோவிலுக்குப் போய் வருகிறேன். கொஞ்ச நாளாக செக் என்ஜின் லைட் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆக்சிஜன் சென்சார் போச்சு, ரெண்டையும் மாத்திரலாம்” என்கிறார்கள். அது காரில் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. இரண்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: ஆக்சிஜன் சென்சார் என்பது என்ஜின் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கும் கருவி. சம்மதம் சொல்வதற்கு முன், ஸ்கேனரில் என்ன கோடு (பழுதைக் குறிக்கும் குறியீடு, code) வந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆங்கில ‘பி’ (P) என்ற எழுத்தும் அதன் பின்னால் நான்கு இலக்கங்களும் இருக்கும். பழுது எந்த சென்சார் பக்கம் என்பதை அது சொல்லிவிடும். கோடைக் காட்டாமல் பொதுவாக “சென்சார் போச்சு” என்றால், பணத்தை எடுக்க வேண்டாம்.

இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். என்ஜின் நன்றாக ஆறியபின் பானட்டைத் திறங்கள். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கும். அதன் மேல் தகரத்தில் ஒரு வெப்ப மறைப்பு மூடியிருக்கும். சில கார்களில் அது ரேடியேட்டர் பக்கம், சிலவற்றில் கேபின் சுவர் பக்கம். அங்கே ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று குழாய்க்குள் திருகப்பட்டு, அதிலிருந்து ஒயர்கள் வெளியே வரும். பெரும்பாலும் நான்கு ஒயர். அதுதான் முன் சென்சார், சென்சார் 1.

அப்படியே குழாயைத் தொடர்ந்து கீழே போனால் ஓரிடத்தில் தடித்துப் பருத்திருக்கும். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதைத் தாண்டியதும் இருப்பது பின் சென்சார், சென்சார் 2. கன்வர்ட்டர் மேனிஃபோல்டை ஒட்டியே இருந்தால் இரண்டு சென்சாரும் பானட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். தரைக்கு அடியில் இருந்தால் ஒர்க்‌ஷாப் ராம்ப்பில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்கவே படுக்காதீர்கள். பின்னால் பம்பருக்குக் கீழே தெரியும் சைலன்சரில் தேட வேண்டாம், அங்கே இது இருக்காது.

கோடில் ‘பேங்க் 1’ என்று வந்தால் குழம்ப வேண்டாம். பேங்க் என்றால் சிலிண்டர் வரிசை. உங்கள் நான்கு சிலிண்டர் காரில் ஒரே வரிசைதான், அதனால் பொதுவாகப் பேங்க் 1தான். வி வடிவ என்ஜின் போன்றவற்றில்தான் பேங்க் 2 வரும்.

இப்போது கோடுக்கு வருவோம். பி0130 முதல் பி0135 வரை என்றால் முன் சென்சார். பி0136 முதல் பி0141 வரை என்றால் பின் சென்சார். இதில் பி0135, பி0141 இரண்டும் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரைப் பற்றியவை. இரண்டும் சேர்ந்தே வந்திருந்தால் முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் இரண்டு ஹீட்டருக்கும் ஒரே ஃபியூஸிலிருந்துதான் கரண்ட் போகிறது. சில ரூபாய் ஃபியூஸுக்காக இரண்டு சென்சார் வாங்கக் கூடாது.

பி0420 வந்திருந்தால் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பின் சென்சார் புகார் சொல்கிறது. புகார் சொல்பவரை மாற்றினால் புகார் தீராது. பி0171 என்றால் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்று முன் சென்சார் சொல்கிறது. எங்கேயாவது காற்றுக்கசிவு இருக்கலாம், முன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் விட்டிருந்தாலும் இதே கோடு வரலாம். இந்த இரண்டிலும் சென்சாரை மாற்றுவதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளவே கூடாது.

உங்களுக்கு இன்னொன்று. கடலோரத்தில் உப்புக்காற்று ஒயர் கனெக்டருக்குள் பச்சை பிடிக்க வைத்துவிடும், கீழே இருக்கும் சென்சாரைத் திருகுமரையோடு துருவாக்கிவிடும். அதனால் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கோடை அழித்து, கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பது முதல் வேலை. கழற்றத்தான் வேண்டும் என்றால், இறுகிப்போன சென்சாரைத் துருநீக்கி ஆயில் ஊறவிட்டு, குழாய் லேசான சூட்டில் இருக்கும்போது எடுப்பார்கள். குழாயின் மரை பிய்ந்தால் செலவு யாருடையது என்று முன்பே பேசிவிடுங்கள். இது குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் வண்டி வைத்திருக்கும் எல்லாருக்குமே பொருந்தும்.

லைட் மின்னாமல் எரிந்தபடியே இருந்தால் நிதானமாக ஒர்க்‌ஷாப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓட்ட வேண்டாம்; சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள், கன்வர்ட்டர் கெட்டுவிடும். சென்சாரைவிட அது பல மடங்கு விலை.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: பழைய சென்சாரில் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரோடு ஒத்துப்போனால் மட்டும். முன், பின் சென்சார்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒயர் நீளமும் கனெக்டரும் பெரும்பாலும் வேறு. ஒயரை வெட்டி ஒட்டிப் பொருத்தும் ‘யுனிவர்சல்’ வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன், நம் மழையிலும் உப்பிலும் அந்த ஒட்டு நிற்காது. பொருத்திய மின்சாதனத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பல விற்பனையாளர்கள் நிபந்தனை வைத்திருப்பார்கள், வாங்குமுன் அதைப் படியுங்கள்.

கேள்வி: சென்சார் மாற்றினேன். இரண்டே வாரத்தில் அதே லைட். மறுபடி பணம் கேட்கிறார்கள். (தக்கலை வாசகர்)

பதில்: பழைய கோடையும் புதிய கோடையும் ஒப்பிடுங்கள். அதே கோடு என்றால் பழுதைக் கண்டுபிடித்ததே தவறாக இருக்கலாம், ஜி.எஸ்.டி. பில்லைக் காட்டி, இலவசமாகச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வையுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.