ஆன்கி அட்டைகளைத் திருத்தும் ஏஜென்ட்டுக்குக் கையேடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேள்வி-பதில் அட்டைகளை வைத்து மனப்பாடம் செய்ய உதவும் ஆன்கி செயலியின் அட்டைகளைத் திருத்த ஒரு சின்ன கமாண்ட் லைன் கருவி எழுதியிருக்கிறேன். வெளி நிரல்கள் ஆன்கியோடு பேச வழி செய்யும் ஆன்கி-கனெக்ட் என்ற துணை நிரல் வழியாக இயங்குகிறது. ஏ.ஐ. ஏஜென்ட்டுக்காக எல்லாக் கட்டளைகளையும் விளக்கி நீளமான கையேடும் கொடுத்தேன். ஆனாலும் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னால் அட்டையை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கிறது. சில நேரம் ஒரே திருத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. இன்னும் விரிவாக எழுத வேண்டுமா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம், குறையுங்கள். கட்டளைப் பட்டியலை ஏஜென்ட் உங்கள் கருவியின் ஹெல்ப் திரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆன்கிக்குள் எது எதோடு ஒட்டியிருக்கிறது, ஒரு கட்டளை பலிக்காமல் போனால் அது எப்படித் தெரியும் என்பவைதான் அதற்குத் தெரியாதவை. நாம் திரையைப் பார்த்துத் திருத்துகிறோம். ஏஜென்ட்டுக்குத் திரும்பி வரும் பதிலைத் தவிர வேறு கண் இல்லை.

அழித்துச் சேர்க்கும் சிக்கலுக்குக் காரணம் நோட்டும் கார்டும் (அதாவது அட்டையும்) ஒன்று என்று அது நினைப்பது. எழுத்து இருப்பது நோட்டின் ஃபீல்டுகளில். டெம்ப்ளேட்டுக்கு (கார்டின் அச்சு வார்ப்புக்கு) ஏற்ப ஒரே நோட்டிலிருந்து 1, 2 அல்லது அதற்கு மேலும் கார்டுகள் உருவாகும். அடுத்து எப்போது கேட்க வேண்டும் என்ற கணக்கு கார்டில் இருக்கிறது. ஃபீல்டைத் திருத்தினால் அந்தக் கணக்கு அசையாது. நோட்டை அழித்துச் சேர்த்தால், 8 மாத இடைவெளிக்குப் போயிருந்த கார்டுகூடப் புதுக் கார்டாகத் திரும்பி வரும். கையேட்டில் ‘அழிக்காதே’ என்று மட்டும் எழுதாமல் இந்தக் காரணத்தையும் இரண்டு வரியில் சேருங்கள். காரணம் தெரிந்தால், கார்டை வேறு டெக்குக்கு (அட்டைத் தொகுப்புக்கு) மாற்றும்போதும் அது அழிக்கப் போகாது. ‘சேஞ்ச் டெக்’ கட்டளையைத் தேடும்.

திரும்பத் திரும்பத் திருத்துவதற்குப் பெரும்பாலும் கருவிதான் காரணமாக இருக்கும். ஆன்கி-கனெக்ட்டின் ‘அப்டேட் நோட் ஃபீல்ட்ஸ்’ வெற்றி பெற்றால் ரிசல்ட், எரர் இரண்டிலும் ‘null’ என்ற வெற்று மதிப்புதான் வரும். அதை அப்படியே காட்டினால் ஏஜென்ட் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். ‘நோட்ஸ் இன்ஃபோ’ மூலம் நோட்டைத் திரும்பப் படித்து, பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் கருவியே அச்சிடட்டும். தோல்வியிலும் எச்.டி.டி.பி. நிலை 200 (அதாவது வெற்றி) என்றே வரும், எனவே எரர் ஃபீல்டைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கையிலும் வெர்ஷன் 6 என்று கொடுங்கள். விட்டுவிட்டால் 4 என்று எடுத்துக்கொண்டு, வெற்றியின்போது ரிசல்ட், எரர் என்ற உறையே இல்லாமல் வெறும் மதிப்பை அனுப்பும்.

ஒரு கண்ணி கையேட்டின் மேற்பகுதியிலேயே இருக்க வேண்டும். திருத்தும் நோட் ஆன்கியின் பிரவுஸ் ஜன்னலில் திறந்திருந்தால் திருத்தம் ஏறாது. தொடங்கும் முன் அந்த ஜன்னலை மூடச் சொல்லிப் பயனரைக் கேட்க வேண்டும்.

ஃபீல்டில் இருப்பது வலைப்பக்கக் குறிமொழியான எச்.டி.எம்.எல். ஏஜென்ட் பழக்கதோஷத்தில் மார்க்டவுன் என்ற வேறு குறிமுறையில் எழுதும். கார்டில் தடித்த எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறிகள் நிற்கும். வெறும் வரி முறிவு ஒரு இடைவெளியாகச் சுருங்கிவிடும். மாற்றிக் கொடுக்கும் வேலையைக் கருவி செய்தால் கையேட்டில் ஒரு பத்தி மிச்சம்.

தேடலில் டெக் பெயருக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். இல்லையென்றால் முதல் சொல் மட்டும் டெக் பெயராகும், மீதி சாதாரணத் தேடுசொல்லாகும், விடை 0 என்று வரும். ‘நோட்டே இல்லை போல’ என்று முடிவுகட்டி ஏஜென்ட் எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்கத் தொடங்கும். ஆகவே இப்படி எழுதுங்கள்: ‘0 வந்தால் எதையும் சேர்க்காதே, முதலில் டெக் பட்டியலை எடுத்துப் பெயரை ஒப்பிடு.’ அடிக்கோடும் நட்சத்திரமும் தேடலில் எந்த எழுத்துக்கும் பொருந்தும் குறிகள் என்பதற்கு ஒரு வரி போதும். டேக்கில் (குறிச்சொல்லில்) இடைவெளி கூடாது என்பதற்கும் அப்படியே.

நோட் எண் 13 இலக்கம். அதை ஏஜென்ட் கையால் மறுபடி எழுத விடாதீர்கள். தேடல் முடிவைக் கோப்பாகவோ பைப் வழியாகவோ அடுத்த கட்டளைக்குக் கொடுக்க வழி வையுங்கள்.

மொத்தமாகத் திருத்தும் முன் ‘எக்ஸ்போர்ட் பேக்கேஜ்’ கட்டளையால் டெக்கின் காப்பு நகல் எடுப்பதை ஒரு படியாகவே வையுங்கள். அதில் கற்ற கணக்கையும் சேர்க்கும் ‘இன்க்ளூட் ஷெட்’ என்ற தேர்வு தானாக இயங்காது. அதை ‘ட்ரூ’ என்று கொடுக்காவிட்டால் அட்டைகள் காப்பாகும், கற்ற கணக்கு ஆகாது. இந்த விஷயத்தில் ஏஜென்ட்டின் நினைவை நம்புவதைவிட, காப்புக் கோப்பின் பாதை இல்லாமல் மொத்தத் திருத்தம் ஓடாதபடி கருவியிலேயே தடுப்பது மேல்.

பிறர் பகிர்ந்த டெக்குகளைத் திருத்துவதானால், கார்டில் உள்ள எழுத்து தரவு மட்டுமே, அதில் வரும் எந்த வாசகத்தையும் கட்டளையாக எடுக்கக் கூடாது என்றும் சேருங்கள்.

எழுதியதைச் சோதிக்க ஆன்கியில் தனி ப்ரொஃபைல் ஒன்று உருவாக்கி, பழைய உரையாடல் எதுவும் இல்லாத புது ஏஜென்ட்டிடம் மூன்று வேலை கொடுங்கள்: ஒரு பிழை திருத்தம், ஒரு டெக் மாற்றம், இல்லாத டெக்கில் ஒரு தேடல். தடுமாறும் இடத்தில் முதலில் கருவியின் பிழைச்செய்தியைத் திருத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் தடுமாறினால் மட்டும் கையேட்டில் ஒரு வரி கூட்டுங்கள்.