தூரத்துக் கேலக்ஸிகள்: கேட்டதும் சொன்னதும்

பொள்ளாச்சி நண்பர்: அவ்வளவு தூரத்தில் இருக்கும் கேலக்ஸியின் காலத்தை எப்படிங்க கணக்குப் போடுகிறார்கள்?

நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து எடுத்த பதிவை, வைத்துத்தான். மாம்-இசட்14 என்ற கேலக்ஸியின் செம்பெயர்ச்சி 14.44, அதாவது ஒளியின் அலைநீளம் 15 மடங்குக்கு மேல் நீண்டு வந்திருக்கிறது, அந்த ஒளி கிளம்பியது பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்குப் பின் சுமார் 28 கோடி ஆண்டுகளில். புற ஊதாவாகக் கிளம்பி அகச்சிவப்பாக வந்து சேர்வதால்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தேவைப்படுகிறது. ஆனால் சில நிறங்களை மட்டும் விடும் வடிகட்டி வைத்து எடுத்த படங்களை மட்டும் நம்பிச் சொல்லும் தூரத்தை நம்பிவிடாதீர்கள். வெப்பின் சீயர்ஸ் ஆய்வில் கிடைத்த சீயர்ஸ்-93316 என்ற கேலக்ஸிக்கு முதலில் சொன்ன செம்பெயர்ச்சி 16க்கு மேல், நிறமாலை எடுத்தால் வெறும் 4.9! தூசும் சூடான வாயு குறிப்பிட்ட அலைநீளங்களில் விடும் பளிச்சென்ற உமிழ்வுக் கோடுகளும் சேர்ந்து ஏமாற்றிவிட்டன.

கோபி தம்பி: என் சின்ன தொலைநோக்கியில் தெரியுமா?

இவை தெரியாது. மழை விட்ட கார்த்திகை இரவில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் நம் பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமிடாவைப் பார், வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஈரோடு அக்கா: ஒரு கேலக்ஸி வளர்வதை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாதே?

முடியாதுங்க. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பல் போடாத கன்று, இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று ஒரே நாளில் பார்த்தே காங்கேயம் மாடு எப்படி வளரும் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான், தூரம் கூடக்கூட ஒளி கிளம்பிய பழைய காலமே தெரியும் என்பதால், வெவ்வேறு தூரத்தில் இருப்பவற்றை வரிசைப்படுத்துகிறார்கள்.

கரூர் நண்பர்: அந்தக் கன்றுதான் இந்தக் காளை ஆகும் என்று யார் சொன்னது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள், இந்தத் துறையின் தலைவலியே இதுதான். கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதி இணைகின்றன, சில நட்சத்திர உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன, அதனால் எது எதுவாக ஆனது என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. மொத்தக் கூட்டத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள்: ஒரு காலத்தில் குறிப்பிட்ட நிறையில் எத்தனை இருந்தன, அடுத்த காலத்தில் எத்தனை என்று. அப்புறம் பக்கத்துக் கேலக்ஸிகளில் இருக்கும் கிழட்டு நட்சத்திரங்களின் வயதோடு அந்தக் கணக்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள்.

கரூர் நண்பர் மறுபடியும்: அப்படியானால் எல்லாம் ஊகம்தானே?

இல்லைங்க. நட்சத்திர உற்பத்தி சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது என்பது பல வழிகளில் கிடைத்த முடிவு. அது ஏன் குறைந்தது என்பதற்கு ஒரு தடயம் புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் கிடைத்தது. 7,653 கேலக்ஸிகளில் நட்சத்திரத்துக்கு மூலப்பொருளான ஹைட்ரஜன் வாயுவின் மெல்லிய சமிக்ஞையை ஒன்றாகக் கூட்டிப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். அவற்றின் கையிருந்த வாயு ஓரிரு நூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் போதும், புதிதாக வந்து சேராவிட்டால் உற்பத்தி படுத்துவிடும். இதை ஊகம் என்று தள்ளாதீர்கள்.

திருப்பூர் நண்பர்: வெப் பெருவெடிப்பைப் பொய்யாக்கிவிட்டதாமே?

மறுபடியும் இதேவா! ஆரம்பக் கேலக்ஸிகள் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருக்கின்றன, அவ்வளவுதான். அது வளர்ச்சி பற்றிய கணிப்புகளுக்குத்தான் சிக்கல். இப்படிச் செய்தி வந்தால் முதலில் நிறமாலை எடுத்தார்களா என்று பாருங்கள்.

சேலம் நண்பர்: இதனால் ராசிபலன் மாறுமா?

ஜாதகத்துக்கு இங்கே பதில் இல்லைங்க.

கோவை மாணவி: இந்தத் தரவு நமக்குக் கிடைக்குமா?

கிடைக்கும் கண்ணு. சீயர்ஸ் தரவு எடுத்த உடனேயே பொதுவில் வந்துவிட்டது. பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, படத்துக்கு முன்னால் நிறமாலையில் தொடங்கு.