இடியப்பம் இறங்குகிறது, மீன் அடைக்கிறது: எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 38. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்து மூன்று மாதமாகிறது. 112 கிலோவாக இருந்தேன், இப்போது 94. சோறு, பாண், கோழி, மீன் எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சுக்குள் அடைக்கிறது, சில வேளை சத்தியும் வருகிறது. இடியப்பமும் சொதியும், பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான் சிரமமில்லாமல் இறங்குகின்றன. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. விற்றமின் குளிசைகள் வயிற்றைப் பிரட்டியதால் ஒரு மாதமாகப் போடவில்லை. நீரிழிவுக்கு முன்பிருந்தே எடுத்த மெற்போமினும் கிளிக்லசைட்டும் தொடர்கிறேன். பின்னேரங்களில் கை நடுங்கி வியர்க்கிறது. நான் எப்படிச் சாப்பிட வேண்டும்?

பதில்: உணவுக்குப் போகும் முன் அந்தப் பின்னேர நடுக்கத்தைப் பார்த்துவிடுவோம். அது காத்திருக்கக்கூடியதல்ல. கிளிக்லசைட், நீங்கள் ஒரு கோப்பை சாப்பிட்டாலும் ஒரு கரண்டி சாப்பிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். முன்பு சாப்பிட்டதில் கால்வாசி சாப்பிடும் உடம்புக்கு அதே அளவு குளிசை அதிகம். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அதைக் குறைப்பது அல்லது நிறுத்துவது வழக்கம். உங்களுக்கு எந்த அளவு என்பதை உங்கள் வைத்தியரே சொல்ல வேண்டும், ஆகவே இன்றே அழைத்துக் கேளுங்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படிச் சீனி விழுவது அரிது. நடுக்கம் வரும்போது குளுக்கோமீற்றரில் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே இருந்தால் அரைக் கோப்பை தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். கருவி கையில் இல்லாவிட்டால் நடுக்கமும் வியர்வையுமே போதும், சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். ஏறியதும் ஒரு முட்டையோ ஒரு கோப்பை பாலோ எடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி விழும்.

இந்த நடுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சிறிதான இரைப்பையிலிருந்து சீனி வேகமாகக் குடலுக்கு இறங்குகிறது, இரத்தத்தில் சட்டென்று ஏறுகிறது, உடம்பு தேவைக்கு மிஞ்சி இன்சுலினைச் சுரக்கிறது, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சீனி விழுகிறது. இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரும். பத்து மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணியும் நாலு பிஸ்கட்டும் எடுத்தவருக்குப் பன்னிரண்டு மணிக்குக் கை நடுங்குவது இப்படித்தான்.

அடுத்தது சத்தி. அடைப்பு வேகமாகச் சாப்பிட்ட நாளில் மட்டும் வருகிறதா, தண்ணீர் தாராளமாக இறங்குகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் சாப்பிடும் முறையால் வருவது, திருத்தலாம். திரவம்கூட நிற்கவில்லை, அல்லது வாரத்துக்கு வாரம் மோசமாகிறது என்றால் குழாயாக்கிய இரைப்பையின் நடுவில் குறுக்கமோ திருகலோ இருக்கலாம். அதை வாய்வழியே கமெராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்துதான் அறிய முடியும். நீங்கள் சத்தியும் எடுத்துக்கொண்டு ஒரு மாதமாக விற்றமினையும் நிறுத்தியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான். தயமின் எனப்படும் விற்றமின் பி1 உடம்பில் இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் சேமிப்பில் இருக்கும். அது தீர்ந்தால் கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, குழப்பம் என்று நரம்பையும் மூளையையும் தாக்கும், தாமதித்தால் முழுதாகத் திரும்பாது. இவற்றில் ஒன்று தெரிந்தாலோ, 24 மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியே இருந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் போங்கள். அங்கே, “எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தவள், சத்தி எடுக்கிறேன், குளுக்கோஸ் சேலைன் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். அவசரப் பிரிவில் உங்கள் வயிற்றுச் சரித்திரம் யாருக்கும் தெரிந்திருக்காது.

இனி உணவு. எது சுலபமாக இறங்குகிறதோ அதுவே ஒத்துக்கொள்ளும் உணவு என்று நினைக்கத் தொடங்குவதுதான் மூன்றாம் நான்காம் மாதத்தில் பலர் விழும் குழி. சொதியில் ஊறிய இடியப்பமும் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டும் கூழாகி வழுக்கி இறங்கிவிடுகின்றன. அதனால்தான் அடைப்பதில்லை, அதனால்தான் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. இரண்டு இடியப்பமும் சொதியும் தரும் புரதம் 4 கிராம் அளவு. மூன்று மாரி பிஸ்கட்டில் 2 கிராம்கூட இல்லை. உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 60 முதல் 80 கிராம். அந்தப் பற்றாக்குறையை உடம்பு தசையைக் கரைத்து ஈடுசெய்கிறது. குறைந்த 18 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதை உங்கள் தட்டுத்தான் தீர்மானிக்கிறது.

எங்கள் வீடுகளில் தட்டின் நடுவில் சோறு, ஓரத்தில் கறி. இனி மீன், முட்டை, கோழி, பருப்பு முதலில், மரக்கறி அடுத்தது, சோறோ இடியப்பமோ இடம் மிஞ்சினால் கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி. மூன்றாம் மாதத்தில் ஒரு வேளைக்கு அரைக் கோப்பை முதல் முக்கால் கோப்பை வரைதான் கொள்ளும். சோற்றில் தொடங்கினால் மீனுக்கு இடமே இருக்காது.

மீனும் கோழியும் அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சமைக்கும் விதம். பொரித்த கெலவல்லா துண்டு வறண்டு நார்நாராகும். கோழியின் நெஞ்சிறைச்சியும் அப்படியே. மீனைக் கட்டிக் குழம்பில் அல்லாமல் முதல்பால் விடாத மெல்லிய குழம்பில் மூடி வேகவைத்து, முள் எடுத்து, குழம்போடு சேர்த்து உதிர்த்துச் சாப்பிடுங்கள். கோழியில் தொடைப்பகுதியைத் தோல் நீக்கி நன்றாக அவித்துப் பிய்த்துக்கொள்ளுங்கள், அல்லது அரைத்த இறைச்சியாக வாங்குங்கள். அவித்த முட்டை மஞ்சள்கரு தொண்டையில் நிற்கிறதென்றால், கொஞ்சம் பால் சேர்த்து மெல்லிய சூட்டில் கிளறிய முட்டை போகும். பாண் உள்ளே போய் மாவுருண்டையாகும். வேண்டுமென்றால் மொறுமொறுப்பாக டோஸ்ட் செய்த அரைத் துண்டு. பிட்டு இன்னும் சில மாதங்களுக்கு வேண்டாம். சிவப்பரிசிச் சோற்றைக் குழைய வடித்துப் பரீட்சித்துப் பாருங்கள். ஒரு உணவு ஒரு தடவை அடைத்தால் அதை வாழ்நாளுக்கும் ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி ஒரு கரண்டி முயலுங்கள்.

சின்னத் தட்டும் தேக்கரண்டியும் எடுங்கள். ஒரு வாய் உணவு கடலையளவு, இருபது முப்பது தடவை மென்று, விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்து, அரை நிமிடம் கழித்து அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் அது கொறிப்பதாக மாறிவிடும். நெஞ்செலும்புக்குக் கீழே ஓர் அழுத்தம், விக்கல், திடீரென்று மூக்கில் நீர், வாயில் எச்சில் ஊறுதல்: இவை “போதும்” என்ற அறிகுறிகள். அதற்குப் பின் ஒரு கரண்டி வைத்தாலும் சத்திதான். “வைச்சதையாவது முடிச்சுப் போடு பிள்ளை” என்று அம்மாவோ மாமியோ அன்போடு சொல்வார்கள். தட்டில் குறைவாகப் போடும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

60 கிராம் எப்படி வரும் என்று ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும் கிளறினால் 10 கிராம். பத்து மணிக்குச் சீனி இல்லாத பால் 200 மில்லிலீற்றரில் ஒரு மேசைக்கரண்டி ஆடை நீக்கிய பால்மா கலந்தால் 9. மத்தியானம் சமைத்த மீன் 60 கிராம், அதாவது விரல்கள் தவிர்த்த உள்ளங்கையில் முக்கால்வாசி, அதில் 14. மூன்று மேசைக்கரண்டி பருப்புக்கறியில் 4. கூடவே நன்றாக வதக்கிய வல்லாரையோ பொன்னாங்காணியோ. நாலு மணிக்குச் சீனி சேர்க்காத தயிர் 100 கிராம், அதில் 4. இரவு பிய்த்த கோழி 60 கிராமுக்கு 15, அதோடு ஒரே ஒரு இடியப்பம். படுக்கும் முன் மறுபடி ஒரு கோப்பை பால், 7. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் மீனுக்குப் பதிலாகச் சோயா, அவித்துத் தோல் கழற்றிய கடலை, பயறு, தயிர். அன்று கணக்கு எட்டாது போனால் இனிப்பில்லாத புரதமா ஒரு கரண்டி பாலில் கலக்கலாம். கந்தசஷ்டி போன்ற முழு உபவாசங்களை முதல் வருடத்தில் விட்டுவிடுங்கள், பால் பழம் எடுத்து அனுஷ்டித்தாலும் விரதம் விரதம்தான்.

தண்ணீர் நாளுக்கு ஒன்றரை லீற்றராவது வேண்டும், கொழும்பு வெக்கையில் இரண்டை நெருங்க வேண்டும். ஆனால் சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே குடிக்கத் தொடங்குங்கள், அதுவும் மிடறு மிடறாக. சாப்பாட்டோடு குடித்தால் சிலருக்கு அடைத்துச் சத்தி வரும், சிலருக்கு உணவு அடித்துச் செல்லப்பட்டு வயிறு உடனே காலியாகும். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று அர்த்தம். சோடா வகைகள் வாயுவால் வலி தரும். பெட்டிப் பானம் வாங்கினால் அதிலுள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள்: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2க்குக் கீழ் என்றால் பச்சை. உங்களுக்குப் பச்சை மட்டுமே. செவ்விளநீரிலும் சர்க்கரை உண்டு, அரைக் கோப்பையோடு நிறுத்துங்கள். வருடங்கள் கழித்து எடை திரும்பி ஏறுபவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் பால்தேத்தண்ணியும் ஷோர்ட் ஈட்ஸும் நாள் முழுக்கச் சிறிது சிறிதாகப் போனது தெரியவரும். வெட்டிய இரைப்பை அவற்றைத் தடுக்காது.

விற்றமின் குளிசை வாழ்நாள் முழுவதற்கும். நிறுத்துவதற்கில்லை, மாற்றலாம். வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டும், ஆகவே பல்விற்றமினை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள், சப்பும் வகை இருந்தால் நல்லது. ஜெலி வகைகளில் பெரும்பாலும் இரும்புச்சத்து இருக்காது. மாதவிடாய் வரும் பெண்ணாக உங்களுக்கு நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அதை இரவில் தனியாகப் போடுங்கள். கல்சியத்தோடு இரண்டு மணி நேர இடைவெளி, தேத்தண்ணியோடு குறைந்தது ஒரு மணி நேரம், இல்லாவிட்டால் இரும்பு உள்ளே போகாது. கல்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 500 முதல் 600க்கு மேல் வேண்டாம். பார்மசியில் சாதாரணமாகத் தருவது காபனேட், அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும். உங்களுக்கு அமிலம் குறைவு, சிற்றேட் என்று கேட்டு வாங்குங்கள். விற்றமின் டி நாளுக்கு 3000 அலகு. பி12ஐக் குளிசையாக எடுக்கலாம், அல்லது மாதம் ஒரு தடவை 1000 மைக்ரோகிராம் ஊசி. மெற்போமினும் பி12ஐக் குறைக்கும் என்பதால் உங்களுக்கு ஊசியையே நான் விரும்புவேன்.

முடி கொட்டுவது வேகமான எடை இழப்பின் விளைவு. மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆறு மாதம் வரை போய் நிற்கும், வேர் சாகவில்லை, திரும்பி வளரும். எண்ணெய்க்கும் பயோட்டினுக்கும் பணம் கொட்ட வேண்டாம். புரதமும் இரும்பும் சரியானால் போதும். ஒன்பது மாதம் தாண்டியும் கொட்டினால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றினும் துத்தநாகமும் பார்க்க வேண்டும்.

நடை தினமும் 30 நிமிடம். காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் கடற்கரையோரமோ சுதந்திர சதுக்கமோ, வெயில் ஏறும் முன். நடை மட்டும் தசையைக் காக்காது. வாரத்தில் இரண்டு நாள், கை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து அமருங்கள், இரண்டு சுற்று. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களை இரு கையிலும் தூக்கி இறக்குங்கள்.

தலைவலி, மூட்டுவலிக்கு டைக்ளோபெனக், இபுபுரொபென் வேண்டாம், புண் வரும், பரசிற்றமோல் போதும். சிகரெட்டும் வேண்டாம், அதுவும் புண்ணை வரவழைக்கும். வலது விலாவுக்குக் கீழே சாப்பாட்டுக்குப் பின் கடும் வலி வந்தால் பித்தக்கல்லாக இருக்கலாம், வேகமாக மெலிபவர்களுக்கு அது கூடுதல். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும், ஆனால் 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது.

கிளினிக்குக்குப் போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதையும் குடித்ததையும் நேரத்தோடு எழுதிக் கொண்டுபோங்கள். முழு இரத்த எண்ணிக்கை, பெரிற்றின், பி12, போலிக் அமிலம், விற்றமின் டி, கல்சியம், இரத்தப் புரதமான அல்புமின், மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஆகியவற்றை இந்த மூன்றாம் மாதத்தில் பாருங்கள், பிறகு ஆறாம் மாதமும் ஒரு வருடத்திலும், அதன்பின் வருடாவருடம். விற்றமின் குளிசையை இன்றே மறுபடி தொடங்குங்கள்.